தீனி, கட்டுத்தறி, சவாரி: தமிழகக் குதிரை வளர்ப்பின் மூன்று சிக்கல்கள்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவை, முத்துக்குளிப்புக்கு இணையாக இன்னொன்றும் வியக்க வைத்தது. அது குதிரைகளின் சாவு. ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. ஓர் அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார். ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட மிஞ்சவில்லை என்கிறார் அவர். பேணத் தெரிந்த ஆட்கள் இல்லாததும், வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாகப் போடப்பட்டதும் அவர் சொல்லும் காரணங்கள். மீண்டும் மீண்டும் விற்கலாம் என்பதால், குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை என்றும் குறிக்கிறார்.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் தீனி. காய்ச்சிய பசும்பால் குடிநீர். கொழுக்க வேண்டும் என்று கயிறும் முளையும் கொண்டு நாற்பது நாள் கட்டிப் போடுகிறார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுகிறார்கள். சில காலத்திலேயே நல்ல குதிரைகள் சோர்ந்து உதவாமற் போய்விடுகின்றன.

இவை அயலார் பார்வைகள். எண்கள் மிகையாகவும் இருக்கலாம். வெக்கையும் கடற்பயணக் களைப்பும் நோயும் பல குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆனால் வஸ்ஸாஃப் எழுதியதில் கொடுமையைவிட ஆசைதான் அதிகம் தெரிகிறது. வெண்ணெயும் பாலும் வெறுப்பில் கொடுக்கப்பட்டவை அல்ல; மனிதருக்கு உயர்ந்தது எதுவோ அதையே குதிரைக்கும் கொடுத்தார்கள். அவர் சுட்டிய மூன்று பிழைகள் இவை: கொழுத்த தீனி, அசையவிடாத கட்டு, பழக்காமல் ஏறும் சவாரி. எழுநூறு ஆண்டு கடந்தும் தமிழகத்தில் குதிரைகளை வதைப்பவை பெரும்பாலும் இந்த மூன்றே. மூன்றுக்கும் மாற்று இருக்கிறது, அது பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டக்கூடியதும் அல்ல. இந்தக் கட்டுரை அதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

இன்று யாரிடம் இருக்கின்றன?

2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 6.25 லட்சம். 2019-இல் அது 3.4 லட்சமாகச் சரிந்தது. பாரம் இழுக்கும் வேலையை மோட்டார் வண்டிகள் எடுத்துக்கொண்டதால் வந்த சரிவு இது. அதே வேளையில் ஆசைக்கு வளர்ப்போர் வேறொரு வட்டமாக உருவாகியிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வருகின்றன. வாங்க வருபவர்களில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு, ஜல்லிக்கட்டுக் காளைக்கு அடுத்ததாகக் குதிரையும் வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களும் உண்டு. இவர்களைத் தவிர பழனியின் ஜட்கா வண்டிக்காரர்கள், ஊட்டி, கொடைக்கானல், மெரினாவின் சவாரிக் குதிரைக்காரர்கள், ரேக்ளா பந்தயக்காரர்கள், கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள்.

கிண்டி பந்தய மைதானத்தின் லாயங்களில் மருத்துவர், லாடம் அடிப்பவர், பயிற்சியாளர் என எல்லோரும் பக்கத்திலேயே இருப்பார்கள். மற்றவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் மாடு வளர்த்த அனுபவமும், சந்தையில் விற்றவர் சொன்ன நாலு வார்த்தையும்தான். மாட்டு அறிவு குதிரைக்குப் பொருந்தாத இடங்களில்தான் ஆபத்து தொடங்குகிறது.

தீனி: மாட்டுக்கு நல்லது குதிரைக்கு நல்லதல்ல

குதிரையின் இரைப்பை, உடலைப் பார்க்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மேய்ச்சலில் விட்டால் நாளில் 14 மணி நேரத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும் பிராணி அது. நார்ச்சத்து செரிப்பது பின்குடலில், அங்குள்ள நுண்ணுயிர்களால். மாடு முதலில் நொதிக்க வைத்துப் பிறகு செரிக்கிறது. குதிரையில் இந்த வரிசை தலைகீழ். இரைப்பையில் ஏறிவிட்ட கெட்ட தீனியைக் கக்கிவிடவும் குதிரையால் முடியாது.

தானியத்தை ஒரே வேளையில் அதிகமாகப் போட்டால் மாவுச்சத்து செரிக்காமல் பின்குடலுக்குப் போய் அமிலமாகப் புளிக்கிறது. அதன் விளைவு ஒன்று கடும் வயிற்றுவலி, இல்லையேல் லேமினைட்டிஸ் எனும் குளம்பு அழற்சி. கொள்ளும் கொண்டைக்கடலையும் வலு தரும் என்று வாளி வாளியாகக் கொடுப்பவர்கள் பலர். உழைப்பு அதிகமுள்ள குதிரைக்கும்கூட ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. சும்மா நிற்கும் குதிரைக்குத் தானியமே தேவைப்படாது.

எவ்வளவு புல் தேவை என்பதை அளந்தே சொல்லலாம். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் எடை 344 கிலோ. அதில் 2 சதவீதம், அதாவது நாளுக்கு ஏழு கிலோ காய்ந்த புல் வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால் அதுவே 35 கிலோ ஆகும். எந்த நிலையிலும் இது 1.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தப் புல்லையும் காலை, மாலை என்று இரண்டு வேளையில் கொட்டாமல் நான்கைந்தாகப் பிரித்து, இரவு நீளத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். பால்மாட்டுக்காகப் பரவிய கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் இரைப்பை நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறுகிறது. கூடவே கோதுமைத் தவிடும் போட்டால் நிலைமை மோசமாகும். தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப்போல் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் இது நீடித்தால் முகத்தெலும்பு வீங்கும், கால்கள் இடம் மாறி நொண்டும். ஒட்டுப்புல்லும் தவிடும் நம் ஊரில் மிகச் சாதாரணமான சேர்க்கை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அருகம்புல், ரோட்ஸ் புல் போன்றவற்றை அடிப்படையாக வைத்து, சுண்ணாம்புச் சத்து மிக்க குதிரைமசாலை ஒரு பங்காகச் சேர்ப்பது நல்ல வழி. சோளப்பயிரை மட்டுமே நம்பினால் சிறுநீர்ப்பைக் கோளாறும் பின்கால் தள்ளாட்டமும் வரலாம். வைக்கோல் வாய்க்கு வேலை தரும், ஆனால் அதுவே முழுத் தீனியானால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகளை எந்தக் குதிரைக்காரரும் மறக்கக் கூடாது. கோழி, மாட்டுத் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையைச் சிதைக்கும். மீந்த தீவனம், நனைந்த மூட்டை எதையும் குதிரைக்குத் தள்ளிவிடக் கூடாது.

தண்ணீர் நாளுக்கு 25 லிட்டரில் தொடங்கி, வெயிலில் 50 லிட்டர் வரை போகும். குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்பு மிகுந்தது; ஆகவே நாளுக்கு 30 கிராம் அளவில் சமையல் உப்பு தேவை. எந்தத் தீனி மாற்றமும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை படிப்படியாக நடக்க வேண்டும்.

கட்டுத்தறி: நிற்க வைத்தால் நோய்

திறந்தவெளியில் மேய்ந்தபடி கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் பிராணியை முன்கால் பிணைத்து, பின்கால்களை முளையில் கட்டி நாள் முழுக்க நிறுத்துவது நம்மிடம் இன்னும் சாதாரணம். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது. குளம்பு தரையில் பதிந்து எழும் ஒவ்வொரு முறையும்தான் அங்கிருந்து இரத்தம் மேலே ஏறுகிறது. நடை நின்றால் கால் வீங்குகிறது. குடல் அசைவும் நடையோடு சேர்ந்ததே. கட்டிலேயே கிடக்கும் குதிரை மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும், தலையை இருபுறமும் ஓயாமல் ஆட்டும். இவற்றைச் சேட்டை என்று அடிக்கிறார்கள். உண்மையில் அவை நெருக்கடியின் அறிகுறிகள்.

12 அடிக்கு 12 அடி காற்றோட்டமான லாயமும், கால் ஏக்கராவது வேலி போட்ட வெளியும், தினம் சில மணி நேரம் அவிழ்த்து விடுதலும் அடிப்படைத் தேவை. குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுக்கத்தான் வேண்டும். கட்டு இறுக்கமாகவோ தரை ஈரமாகவோ இருந்தால் படுக்காது. கூட்டமாக வாழ்ந்த பிராணிக்குத் துணையும் வேண்டும். இன்னொரு குதிரை வைக்க முடியாதவர்கள் கழுதையையோ ஆட்டையோ துணைக்கு விடலாம். தனிமையைவிட அது மேல்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியே ஆக வேண்டும், லாடம் இருந்தாலும் கழற்றிச் சீவ வேண்டும். தினமும் காலைத் தூக்கி, கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சாணத்தையும் கல்லையும் எடுங்கள். நடுவில் முக்கோணமாக ரப்பர்போல் இருக்கும் பகுதியின் இருபுறப் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாறினால் அது அழுகல். அதற்குக் காரணம் பெரும்பாலும் மூத்திரம் தேங்கிய தரையே. குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள். குளம்புக்கு மேலே, கால் பின்புறத்தின் இருபக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். வழக்கமாகத் தேடித்தான் கிடைக்கும் அந்த நாடி துள்ளி அடித்து, குதிரையும் முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் குளம்பு அழற்சி தொடங்கிவிட்டது. அன்றே மருத்துவர் வர வேண்டும்.

நோயை முன்கூட்டி அறிதல்

நலமாக இருக்கும்போது அளந்து வைத்தவரே நோயை அடையாளம் காண்பார். ஓய்வில் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இருபக்க விலாவுக்குப் பின்னும் காதை வைத்தால் குடல் உருளும் ஓசை கேட்க வேண்டும். ஓசை அடங்கி, குதிரை முன்காலால் தரையைப் பறித்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால் அது வயிற்றுவலி. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நாடி 60-ஐத் தாண்டியிருந்தால் நிலைமை கடுமை. எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம், மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சு பல குதிரைகளைக் கொன்றிருக்கிறது. வாய்வழி ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு. மணல் தரையில் தீனி போட்டால் குடலில் மணல் சேர்ந்தும் இதே வலி வரும்.

டெட்டனஸ் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் வீட்டுப் பிராணி குதிரைதான். ஓர் ஆணி கீறினால் போதும். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது பெரிய செலவல்ல. வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும். கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா, விட்டு விட்டுக் காய்ச்சலும் மெலிவும் கால் வீக்கமுமாக வரும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. அது உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய் அது. வெளி மாநிலக் குதிரையை வாங்குபவர் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற கூடத்தின் பரிசோதனைச் சான்றைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சந்தையில் முதலில் பார்ப்பது சுழி. எந்தச் சுழி எங்கே இருந்தால் யோகம், எங்கே இருந்தால் ஆகாது என்ற கணக்கில் விலை ஏறி இறங்குகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த நகுலன் பெயரிலான அசுவ சாஸ்திரம் உட்பட, பழைய நூல்கள் இதற்கு நிறைய இடம் தருகின்றன. அந்த மரபை மதிக்கலாம். ஆனால் சுழி நொண்டியைச் சொல்லாது, நுரையீரலைச் சொல்லாது. கெட்டித் தரையில் குதிரையை நேராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்கால் வலியென்றால், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே எழும். கண்ணெதிரே கையசைத்துப் பார்வையையும், வாயைத் திறந்து வயதையும் பாருங்கள். வெட்டுப்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் சோடி சோடியாக விழுந்து முளைத்து ஐந்தில் வாய் நிறையும்.

முதன்முதலாக வாங்குபவருக்கு எட்டு வயதுக்கு மேற்பட்ட, பழகிய பெண் குதிரையோ காயடித்த ஆண் குதிரையோதான் ஏற்றது. கம்பீரத்துக்காக இரண்டு வயது ஆண் குட்டியை வாங்குவது வாங்குபவருக்கும் குதிரைக்கும் ஆபத்து. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் மலிவாகக் கிடைக்கும். அவை நல்ல குணமுள்ளவையாகவும் இருக்கும். ஆனால் தானியமும் அடைப்பும் சேர்ந்து பெரும்பாலானவற்றின் இரைப்பையில் புண் உண்டாக்கியிருக்கும். கால் காயங்கள் மறைந்திருக்கும். சில மாதம் மேய்ச்சலும் ஓய்வும் கொடுத்துப் புதிதாகப் பழக்கும் பொறுமை உள்ளவருக்கே அவை பொருந்தும்.

பழக்கமும் சவாரியும்

குதிரை ஓடித் தப்பிக்கப் பிறந்தது. அதன் கண்கள் ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். நேர் பின்னாலும் நெற்றிக்கு முன்னாலும் மட்டும் குருட்டிடம். அதனால்தான் தோளருகே, பேசியபடி நெருங்க வேண்டும். பயந்த குதிரை எதையும் கற்காது. அடிக்கு அஞ்சி உறைந்து நிற்பதைப் பணிவு என்று எண்ணிவிடுகிறோம்.

பயிற்சியின் சாரம் அழுத்தமும் விடுப்பும். பின்னால் ஓர் அடி வைக்கப் பழக்குவதை எடுத்துக்கொள்வோம். மூக்குக்கயிற்றில் விரலளவு அழுத்தம் கொடுத்துப் பொறுத்திருங்கள். குதிரை எடையைப் பின்னால் சாய்த்த அந்தக் கணமே அழுத்தத்தை முழுவதும் விட்டுவிட வேண்டும். குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அல்ல, விட்ட கணத்திலிருந்து. விடத் தாமதித்தால் தலை உயர்த்திப் போராடியதே சரியான விடை என்று கற்றுக்கொள்ளும். கிரேக்க நாட்டு சினோபன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று எழுதியிருக்கிறார். முள் வைத்த கடிவாளமும் முள் சாட்டையும் 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளிலேயே தடைசெய்யப்பட்டவை. நாட்டியக் குதிரை வேண்டும் என்று நாக்கைப் புண்ணாக்கி ஆட வைப்பது கலையாகாது.

முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயதுக்குப் பின்னும் தொடர்கிறது. மூன்று வயது வரை கயிற்றில் நடக்கவும், காலைத் தூக்கிக் கொடுக்கவும், சேணத்தின் தொடுகையை ஏற்கவும் மட்டும் பழக்குவது போதும். முழு வேலை நான்கு வயதுக்குப் பிறகு.

ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முன்பு அளந்த 344 கிலோ குதிரைக்கு அது 69 கிலோ. ஆள் மட்டுமே 85 கிலோ என்றால் சேணம் இல்லாமலே வரம்பு மீறிவிடுகிறது. மலைவாசத் தலங்களிலும் கடற்கரையிலும் நாள் முழுக்க இது நடக்கிறது. அங்கே சவாரிக்கு நிற்கும் நாமும் இதற்குப் பொறுப்பு; பருத்த உடலுள்ளவர் சின்னக் குதிரையில் ஏற மறுப்பது மரியாதை. முன்பு சொன்ன 1965-ஆம் ஆண்டு விதிகள் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது.

ஏறும்போது தலைக்கவசம் கட்டாயம். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். முழுதும் நுழைந்தால் விழும்போது இழுபட நேரும். கடிவாள வாரை ஒருபோதும் கையில் சுற்றக் கூடாது. பத்து நிமிடம் நடத்திய பிறகே ட்ராட் எனும் துள்ளோட்டம், அதன் பிறகே கேன்டர் எனும் விரைவோட்டம். சவாரி முடிந்து சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது தவறான நம்பிக்கை. குடிக்கத் தரலாம், தர வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள், வெக்கையில் குதிரையின் உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றுவதே விரைவான தீர்வு என்று உறுதிசெய்தன. சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். உலர்ந்த தோலோடு மூச்சு வாங்கும் குதிரையை நிழலில் நிறுத்தி உடனே நீர் ஊற்ற வேண்டும்.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் தனி ஒருவர் சுமக்க முடியாது. நமக்கு இன்று மிகக் குறைவாக இருப்பது லாடம் அடிப்பவர்கள். ராணுவத்தின் மீரட் கால்நடை மையம் இந்தக் கலையை முறையாகக் கற்பிக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதைப்போன்ற குறுகிய காலப் பயிற்சியை ஊட்டி, பழனி, அந்தியூர் வட்டாரங்களில் நடத்தினால், மூத்த லாடக்காரர்களின் கைத்திறனும் அறிவியலும் ஒரே இடத்தில் சேரும். அந்தியூர் சந்தையில் பரிசோதனை முகாமும் தடுப்பூசியும் கட்டாயமாக வேண்டும். சவாரித் தலங்களில் எடை பார்க்கும் கருவி வைப்பது எந்த உள்ளாட்சி அமைப்புக்கும் கைக்கெட்டும் செலவே.

வாங்க நினைப்பவருக்கான பட்டியல் இன்னும் எளிது. குதிரை 25 ஆண்டு, நன்றாக வைத்திருந்தால் 30 ஆண்டு வாழும். அதில் கடைசிச் சில ஆண்டுகள் ஏற முடியாத காலம். அந்தக் காலத்துக்கும் புல் போடும் மனம் இருக்கிறதா? ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரக்கூடிய லாடக்காரரின் எண் கையில் இருக்கிறதா? இரவில் அழைத்தாலும் வரும், குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார்? அவிழ்த்து விட வேலி போட்ட இடமும் துணைக்கு ஓர் உயிரும் இருக்கின்றனவா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு சந்தைக்குப் போகலாம். விடை கிடைக்காதவரை வாங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் குதிரையை விரும்புகிறவர் அதற்குச் செய்யக்கூடிய முதல் நன்மை.